கல்லும் சீட்டும்

1798 டிசம்பர் 19ஆம் தேதி இரவு எட்டு மணி வாக்கில், காசிக்குப் பதினான்கு மைல் தள்ளியிருந்த கிராக்குத் என்ற கிராமத்தின் மேல் ஒரு நெருப்புக் கோளம் ஓடியது. இடி போல முழக்கம் கேட்டது. பிறகு கனமான பொருள்கள் தரையில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஊர்க் காவலாளி ஒருவர் தம் குடிசைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏறக்குறைய இரண்டு பவுண்டு எடையுள்ள ஒரு கல் அந்தக் குடிசைக் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கி, கெட்டித்த மண்தரைக்குள் சில அங்குலம் புதைந்தது. விடிந்ததும் வயல்களில் அங்கங்கே மண் புதிதாகக் கிளறிக் கிடப்பதைப் பார்த்த ஊரார், தோண்டி மேலும் கற்களை எடுத்தார்கள். ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் பலரிடம் விசாரித்து, இடம், நேரம், ஒலி, கல்லின் தோற்றம் எல்லாவற்றையும் எழுதி, கற்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அந்த வட்டாரத்தில் எரிமலை கிடையாது, இப்படிப்பட்ட கல்லும் அங்கே வேறெங்கும் கிடையாது என்பதையும் மறக்காமல் குறித்தார். 1802இல் எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளர் காசிக் கல்லை எடுத்துக்கொண்டார். பொஹீமியாவில் 1753இலும், இத்தாலியின் சியெனாவில் 1794இலும், இங்கிலாந்தின் வோல்ட் காட்டேஜில் 1795இலும் விழுந்த கற்களோடு சேர்த்து அதைப் பகுத்துப் பார்த்தார். ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் விழுந்த நான்கிலும் இரும்போடு நிக்கல் கலந்திருந்தது. பூமியின் சாதாரணப் பாறையில் அப்படி இரும்பு இருப்பதில்லை. வானத்திலிருந்து கல் விழுவதை ஐரோப்பிய அறிவுலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்கு முதன்மையான பங்கு உண்டு. ஹோவர்டின் பெயர் நூல்களில் இருக்கிறது, காவலாளியின் பெயர் இல்லை. ஆனால் அவர் நின்ற இடமும் பார்த்த நேரமும் எழுத்தில் ஏறியதால்தான் அந்தக் கல்லுக்கு மதிப்பு வந்தது.

விண்கல் சேகரிப்பை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றோ, அறிவியலின் ஓரத்தில் நடக்கும் வேடிக்கை என்றோ பலர் நினைக்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. விண்கல் அறிவியலின் மூலப்பொருளைத் தந்தவர்களில் பெரும்பங்கினர் உழவர்கள், இல்லத்தரசிகள், பள்ளி ஆசிரியர்கள், மேய்ப்பர்கள் ஆகியோரே. ஆய்வுக்கூடம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: இந்தத் துறையில் பொழுதுபோக்குச் சேகரிப்பாளர் அடித்தளமாகவே இருந்திருக்கிறார். அவர் எடுத்த கல்லின் உயிர், அதோடு அவர் வைத்த குறிப்புச் சீட்டில் இருக்கிறது. சீட்டு தொலைந்தால் கல் பாதி ஊமையாகிவிடும்.

முதல் மறுப்பு, அறிஞர்கள் நம்ப மறுத்ததில் நியாயம் இருந்தது என்பது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1768 செப்டம்பரில் பிரான்சின் லூசே என்ற ஊரில் விழுந்த கல்லை லவாய்சியே உள்ளிட்ட மூவர் ஆராய்ந்தார்கள். தரையில் இருந்த பாறை மீது மின்னல் தாக்கியதால் அப்படி ஆனது என்று முடிவு சொன்னார்கள். அவர்கள் அரைகுறை ஆட்கள் அல்லர். கல்லைப் பகுத்தே பார்த்தார்கள். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று அன்று யாருக்கும் தெரியாது. நூற்றாண்டுகளாக இரத்த மழை, மீன் மழை என்று கேட்டுக் கேட்டு அலுத்த காதுகள் கல் மழையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தன. ஐயப்படுவது அறிவியலின் கடமை, சரி. ஆனால் 1790 ஜூலை 24 அன்று பிரான்சின் தென்மேற்கே பார்போத்தானில் கற்கள் விழுந்தபோது, மேயரும் ஏறக்குறைய 300 ஊராரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாட்சிப் பத்திரத்தைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஒரு நகராட்சியே மூடநம்பிக்கைக்குச் சான்று தருகிறதே என்று வருந்தினார்கள். இதை ஐயம் என்று ஏற்க முடியாது. சொன்னவர் யார் என்று பார்த்துச் சொன்னதைத் தள்ளிய மேட்டிமை அது.

அந்தப் பூட்டைத் திறந்தவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர். ஒலியியலில் பெயர் பெற்றவர், சட்டம் படித்தவர். 1794இல் வெளியிட்ட சிறு நூலில், சைபீரியாவில் கிராஸ்னோயார்ஸ்க் அருகே ஒரு கொல்லர் கண்டெடுத்த ஏறக்குறைய 700 கிலோ இரும்புப் பாளத்தை எடுத்துக்கொண்டு, அது வெளியிலிருந்து வந்தது என்று வாதிட்டார். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. இருந்தவை பழைய நூல்களும் நிகழ்ச்சிப் பதிவுகளும்தான். வழக்கறிஞர் வாக்குமூலங்களை ஒப்பிடுவது போல அவற்றை ஒப்பிட்டார். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நூற்றாண்டில், ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் ஒரே வரிசையில் சொல்கிறார்கள்: முதலில் ஒளி, பின்னர் முழக்கம், அப்புறம் கல். சொல்லி வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை. பிற்காலத்தில் கிளாட்னியே விண்கற்களைச் சேகரித்து, அந்தத் தொகுப்பைப் பெர்லினுக்கு விட்டுச் சென்றார். 1803 ஏப்ரல் 26இல் பிரான்சின் லெய்கிள் நகரத்தருகே ஏறத்தாழ 3,000 கற்கள் கொட்டியபோது, அரசு அனுப்பிய இளம் இயற்பியலாளர் ஜான் பாப்டிஸ்ட் பியோ அதே வழியில் போனார். தூரத்து ஊரில் தொடங்கி, முழக்கம் கேட்டவர்களை விசாரித்துக்கொண்டே நெருங்கினார். வட்டாரத்துக் கனிமத் தொகுப்புகளிலும் இரும்புப் பட்டறைகளிலும் அந்த நாளுக்கு முன்னால் இப்படி ஒரு கல் இருந்ததா என்று பார்த்தார். எங்கும் இல்லை. கற்கள் கிடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது அவை ஒரு நீள்வட்டத்துக்குள் அடங்கின. அவருடைய அறிக்கையின் பாதி பலம் உழவர்களின் வாய்ச்சொல், மறு பாதி அவர்கள் எடுத்து வைத்திருந்த கல். ஆக, நாட்டுப்புறத்தாரின் பேச்சை நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் அன்றே கிடைத்துவிட்டது. தனி வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். வாய்ச்சொல்லும் கல்லும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது மறுக்கவும் வேண்டாம்.

அதன் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வியன்னா, லண்டன், பாரிஸ், கல்கத்தா அருங்காட்சியகங்கள் விண்கற்களுக்குப் போட்டி போட்டன. தமிழ்நாட்டுக் கல்லும் அந்தப் போட்டியில் அகப்பட்டது. 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரை மாவட்டத்தின் தென்பகுதியில் இரண்டு கற்கள் விழுந்தன. மொத்தம் 77 கிலோவுக்கு மேல். உலகப் பட்டியலில் அதன் பெயர் பர்னல்லி. பதிவான ஆயங்களை வைத்துப் பார்த்தால் இடம் பெருநாழிப் பக்கம் வருகிறது. வெப்பத்தால் அதிகம் மாறாத கோண்ட்ரூல்கள், அதாவது சூரியக் குடும்பம் உருவான காலத்தில் உருகி உறைந்த சிறு உருண்டைகள், அதில் தெளிவாக இருப்பதால் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. கல் போனது ஒரு இழப்பு. ஊர்ப்பெயர் சிதைந்து போனது இன்னொரு இழப்பு. விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரையே வைப்பது மரபு. இந்த ஊர்ப்பெயரோ, கேட்டவர் காதுக்கு எப்படிப் பட்டதோ அப்படியே நிலைத்துவிட்டது. சீட்டை எழுதும் கை உள்ளூர்க் கையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சேகரிப்பாளரின் பொறுமையை அறிய வேண்டுமானால் அமெரிக்காவின் கான்சஸ் சமவெளிக்குப் போக வேண்டும். 1885இல் கயோவா மாவட்டத்தில் குடியேறிய எலைசா கிம்பர்லி என்ற பெண்மணி, நிலத்தில் ஏர்க்கொழு இடறும் இடங்களில் கறுப்பான, அளவுக்கு மீறிக் கனத்த கற்களைக் கண்டார். அது கல்லே கிடைக்காத புல்வெளி மண். அதனால் அக்கம்பக்கத்தார் அந்தக் கற்களை வைக்கோல் போர் காற்றில் பறக்காமல் இருக்கவும், தொட்டி மூடிக்குப் பாரமாகவும் வைத்திருந்தார்கள். கிம்பர்லி சிறுமியாக இருந்தபோது ஒரு விண்கல்லைப் பார்த்திருந்தார். அந்த நினைவை விடவில்லை. ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து வீட்டருகே குவித்தார். ஊர் சிரித்தது. அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் யாரும் வரவில்லை. 1890இல் வாஷ்பர்ன் கல்லூரிப் பேராசிரியர் கிராகின் வந்து பார்த்தார், அவை விண்கற்களேதான் என்றார், விலை கொடுத்து வாங்கிப் போனார். இன்று பிரென்ஹாம் என்று அறியப்படும் அந்தக் கல்லை அறுத்து மெருகேற்றினால், வெள்ளி நிற இரும்புக்குள் தேன் நிறப் படிகங்கள் பதிந்திருப்பது தெரியும். சைபீரியக் கொல்லர் கண்டெடுத்த பாளமும் இதே இனம்தான். இந்த இனம் ஒரு சிறு கோளின் உள்ளாழத்திலிருந்து வந்தது என்கிறார்கள். அதே நிலத்தில் 2005இல் உலோகமானி கொண்டு தேடிய சேகரிப்பாளர் ஒருவர் ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள ஒற்றைக் கல்லைத் தோண்டி எடுத்தார். கிம்பர்லிக்கு அறிவியல் பட்டம் இல்லை. அவரிடம் இருந்தது ஒன்றே: இந்த மண்ணில் எது இயல்பு, எது இயல்பில்லை என்று தெரிந்த கண்.

அதே கான்சஸில், மெக்ஃபர்சன் கல்லூரியில் உயிரியல் ஆசிரியராக இருந்த ஹார்வி நினிங்கர் 1923 நவம்பர் 9 இரவு வானில் ஒரு தீப்பந்து பாய்வதைப் பார்த்தார். பார்த்தவர்கள் எந்தத் திசையில் பார்த்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, விழுந்திருக்கக்கூடிய இடத்தைக் கணக்கிட முயன்றார். பிறகு பள்ளிக்கூடங்களிலும் சிற்றூர்களிலும் மாதிரிக் கல்லைக் காட்டிப் பேசினார், இதைப் போல் ஒன்று கிடைத்தால் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஸ்மித்சோனியன் நிறுவனத்து மூத்த அறிஞர் ஒருவர், கேட்ட பணத்தையெல்லாம் கொடுத்தாலும் ஆயுள் முழுக்கத் தேடி ஒரு கல் கிடைத்தால் பெரிது என்ற பொருளில் அவரிடம் சொன்னார். நினிங்கர் வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கிக்கொண்டார். உழவர்களின் முற்றத்திலும் வேலியோரத்திலும் கிடந்த கற்களைக் கண்டெடுத்தே வரலாற்றில் ஒப்பற்ற ஒரு தனியார் தொகுப்பைச் சேர்த்தார். அதன் ஒரு பகுதியை 1958இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும், மற்றொரு பகுதியை 1960இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் வாங்கின. அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்கல் ஆய்வு மையம் இந்தத் தொகுப்பின் மேல் எழுந்தது. மூத்தவர் சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை. தேடுவது ஒரு மனிதர் என்று அவர் கணக்குப் போட்டார். நினிங்கரோ ஆயிரம் உழவர்களின் கண்களைத் தேட வைத்தார். வேறுபாடு அங்கே இருந்தது.

கண் இருந்தால் மட்டும் போதாது, கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்பதையும் இதே வரலாறு சொல்கிறது. விண்கல் என்று கொண்டுவரப்படும் கற்களில் மிகப் பெரும்பாலானவை விண்கல்லாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் இந்த ஏமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரும்புக் கிட்டம். கொடுமணல் போல இரும்பு உருக்கிய பழைய ஊர்கள் நமக்கு நிறைய. உலைக்களத்தில் கழிந்த கிட்டம் கறுப்பாக, கனமாக, மண்ணில் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும். விண்கல்லில் பெரும்பாலும் குமிழி இருக்காது. காற்று மண்டலத்தில் தீய்ந்து வரும் கல்லுக்கு மேல் தோல் மட்டுமே கறுப்பு. பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இராத அந்தத் தோல் பெயர்ந்த இடத்தில் உட்பக்கம் வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். பிசைந்த மாவில் கட்டைவிரல் அமுக்கியது போல மேற்பரப்பில் குழிகள் இருக்கலாம். பூச்சில்லாத ஓட்டின் அடிப்பக்கத்தில் தேய்க்கும்போது செம்மண் நிறக் கோடு விழுந்தால் அது ஹெமடைட், அடர்ந்த கரிநிறக் கோடு விழுந்தால் மேக்னடைட், இரண்டும் பூமியுடையவை. ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்து மெருகேற்றிப் பார்த்தால், சாதாரண விண்கல்லில் கடுகளவு, கேழ்வரகளவு உருண்டைகளும் இடையிடையே மின்னும் உலோகத் துணுக்குகளும் தெரியும். இரும்பு விண்கல்லாக இருந்தால் மெருகிட்ட முகத்தில் அமிலம் தடவும்போது குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் எழும். 1808இல் வியன்னாவின் விட்மன்ஸ்டேட்டன் கண்ட அந்தக் கோலம், பத்து லட்சம் ஆண்டுகளில் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை மட்டுமே குளிரும் வேகத்தில் ஆறிய உலோகத்தில்தான் உண்டாகும். எந்தப் பட்டறையாலும் அதைச் செய்ய முடியாது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து ஒருவர் உயிரிழந்தபோது, விண்கல் தாக்கியதே காரணம் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. படங்களைப் பார்த்த நாசா வல்லுநர்கள், தரையில் நேர்ந்த வெடிப்பைப் போல இருக்கிறது என்றார்கள். கண்டதும் பெயர் சூட்டும் அவசரம், காணாமலே மறுக்கும் மேட்டிமைக்குச் சற்றும் குறைந்ததன்று.

சேகரிப்பாளர்களே செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். விண்கல்லா என்று பார்க்கக் காந்தத்தை ஒட்டுவது அவர்களின் முதல் பழக்கம். சகாராவில் கிடைத்து, வணிகர் கைமாறி வந்து, 2013இல் உலகை வியக்க வைத்த செவ்வாய்க் கல் ஒன்று உண்டு. கறுப்பழகி என்று ஆங்கிலத்தில் செல்லப்பெயர் பெற்றது. செவ்வாயின் மிகப் பழைய மேலோட்டுத் துணுக்குகள் அதில் இருக்கின்றன. அந்தக் கோளுக்குக் காந்தப்புலம் இருந்த காலத்தின் தடம் அதில் பதிந்திருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தார்கள். கையிலிருந்த வலுவான காந்தங்கள் அந்தத் தடத்தை அழித்துவிட்டதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் காத்த நினைவு ஒரு கணத்தில் போயிற்று. தெரியாமல் செய்த பிழைதான், ஆனால் இனித் தெரியாது என்று சொல்ல முடியாது.

இந்தத் தவறு நம்மை அடுத்த மறுப்புக்குக் கொண்டு செல்கிறது. சந்தை வந்தால் கல் சிதறும், சிறந்தவை பணக்காரர் பெட்டிக்குள் போகும், கிடைத்த இடம் மறைக்கப்படும் என்பது அந்த மறுப்பு. இதில் பாதி உண்மை. மொராக்கோ, அல்ஜீரியா, மாலி எல்லைகளில் நாடோடி மேய்ப்பர்கள் எடுக்கும் கற்கள் சந்தைக்கு வருவதற்குள் இடத்தின் நினைவை இழந்துவிடுகின்றன. அதனால்தான் ஆயிரக்கணக்கான கற்களுக்கு வடமேற்கு ஆப்பிரிக்கா என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நான் வருந்துவது கல் விற்பனைக்குப் போனதற்காக அன்று, ஊர்ப்பெயர் போனதற்காக. ஆனால் மறு பாதியையும் பார்க்க வேண்டும். சந்தை இல்லாவிட்டால் அந்தக் கற்களில் பெரும்பாலானவை மணலிலேயே துருப்பிடித்து மாய்ந்திருக்கும். 2011 ஜூலை 18 அதிகாலையில் மொராக்கோவின் திசிந்த் அருகே செவ்வாய்க் கல் விழுந்தது. மக்கள் கண்முன் விழுந்த ஐந்தாவது செவ்வாய்க் கல் அது. ஐந்தில் ஒன்று 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்தது என்பது நமக்கு நினைவில் இருக்க வேண்டியது. திசிந்த் துண்டுகளைச் சில மாதம் கழித்துக் கண்டெடுத்தவர்கள் விலை தெரிந்த நாடோடிகள். மேலும், ஒரு விண்கல்லுக்கு உலகப் பட்டியலில் பெயர் வேண்டுமானால் அதில் 20 கிராமோ ஐந்தில் ஒரு பங்கோ, இரண்டில் எது குறைவோ அது, ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது விண்கல் ஆய்வுக் கழகத்தின் விதி. பெயர் பெற்ற கல்லுக்கே சந்தையில் நல்ல விலை. ஆக, விற்பவரின் ஆசையே ஆய்வுக்கூடத்துக்குப் பங்கு கொண்டுவருகிறது. அர்ஜென்டினா போன்ற நாடுகள் விண்கல்லைத் தேசத்தின் சொத்தாகக் காக்கச் சட்டம் இயற்றியிருப்பது நியாயம். அதை மதிக்காத சேகரிப்பாளருக்காக நான் வாதாடவில்லை. சட்டம் கல்லைப் பிடித்து வைக்கலாம், ஆனால் வயலில் குனிந்து எடுக்கும் கையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது.

கடைசி மறுப்பு புதிது. 1969இல் ஜப்பானிய ஆய்வுக் குழுவினர் அண்டார்டிக்காவின் யமாட்டோ மலையருகே பனிமேல் ஒன்பது கற்களை எடுத்தார்கள். நகரும் பனி கற்களைச் சுமந்து வந்து ஓரிடத்தில் கொட்டுகிறது என்று தெரிந்தது. இன்று பல்லாயிரம் விண்கற்கள் அங்கிருந்து வந்துவிட்டன. வானைக் கண்காணிக்கத் தானியங்கிக் கேமராக்களும் இருக்கின்றன. இனி எதற்குச் சாதாரண மனிதர்? அண்டார்டிக்கக் கற்கள் பல ஆயிரம் ஆண்டு பனியில் கிடந்தவை. மண்ணும் மழையும் தொடுமுன் எடுத்த புதுக் கல் வேண்டுமானால் ஆள் நடமாட்டம் உள்ள ஊர்தான் வேண்டும். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கோம் ஊரில் விழுந்த கரிமக் கல்லின் பாதையைக் கேமராக்கள் காட்டின. கல்லைக் கொடுத்ததோ, காலையில் வீட்டு வாசலில் கிடந்த கரித்தூளைப் பைகளில் அள்ளி வைத்த ஒரு குடும்பம். அதைவிடப் பெரிய சான்று நார்வேயிலிருந்து வந்தது. நகரத்துக் கூரைகளில் விண்வெளித் தூசியைக் கண்டுபிடிக்க முடியாது, தொழிற்சாலைத் தூசியோடு கலந்துவிடும் என்பது அறிஞர்களின் நெடுநாள் முடிவு. ஜாஸ் இசைக் கலைஞரான யோன் லார்சன் கூரைத் தாழ்வாரங்களில் தேங்கிய மண்ணைக் கழுவிச் சலித்து, நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான துகள்களைப் பார்த்து, வகை பிரித்துப் பழகினார். 2017இல் அவரும் லண்டன் ஆய்வாளர் மேத்யூ கெஞ்சும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், ஏறக்குறைய 300 கிலோ கூரை மண்ணிலிருந்து 500 நுண்விண்கற்கள் எடுத்த கதை இருக்கிறது. முடியாது என்றவர்களை மறுத்தது ஒரு பொழுதுபோக்காளரின் சலிப்பறியாக் கண்.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 12 அன்று சூளகிரியில் மொத்தம் 110 கிலோ அளவுக்குக் கல் விழுந்தது. அதற்கு முன், 1890 ஜூன் 4 அன்று, அன்றைய சேலம் மாவட்டத்தின் காக்கங்கரையில் விழுந்தது வெறும் 350 கிராம் கல்.  ககாங்காரி என்று பட்டியலேறிய அந்தக் கல், பெருநாழிக் கல்லைப் போலப் பெரிதல்ல. எண்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் கிடந்தது. 1970களில் ஆராய்ந்தவர்கள் அது தெரிந்த எந்த வகையிலும் சேரவில்லை என்று கண்டார்கள். 1996இல் அதன் பெயராலேயே ஒரு தனி வகை ஏற்பட்டது. ஒரு முழுக் குழு என்று அறிவிக்க ஐந்து கற்களாவது வேண்டும். அந்த வகையில் உலகம் முழுவதும் தேடியும் அந்த எண்ணிக்கை இன்னும் நிறையவில்லை. 1890இல் யாரோ ஒருவர் அந்தக் கைப்பிடிக் கல்லைக் குனிந்து எடுத்தார், நாளும் ஊரும் எழுதப்பட்டன.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வானில் தீப்பந்து ஓடி, முழக்கம் கேட்டு, உங்கள் வயலிலோ மொட்டைமாடியிலோ கல் கிடந்தால் உடைக்காதீர்கள், கழுவாதீர்கள், காந்தத்தை ஒட்டாதீர்கள். கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். சுத்தமான உறையில் போட்டு, நாள், நேரம், இடம், எந்தத் திசையிலிருந்து வந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஊர்ப்பெயரைத் தமிழில், ஊரார் சொல்கிறபடியே எழுதுங்கள். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களின் காப்பாளர் அந்தத் துறைதான்.